வாசலில் கேட்ட தண்ணீர்

எனக்குப் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா சொல்வாள். திருக்கோகர்ணத்தில் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து, அறந்தாங்கியில் இறங்கி, மினி பஸ்ஸுக்கு ஓடி, ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கிற செம்பொட்டல் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது மணிக்குள் போய்ச் சேரவேண்டிய அறிவியல் டீச்சருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? தோளில் ஒரு பை. அதில் டிபன் பாக்ஸ், குடை, வீட்டில் பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீர். எட்டு வருஷமாக அந்தப் பாட்டிலைத்தான் குடிக்கிறேன். செம்பொட்டலில் என்ன தண்ணீர் வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை எங்கள் பள்ளிக்கு ஒரு புரொஜெக்டரும் ஒரு பெட்டியும் அனுப்பியது. 'நீர்நோட்டம்' என்று திட்டத்துக்குப் பெயர். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும். புதன்கிழமை காலை ஒன்பதே கால் முதல் பத்து வரை திரையில் ஆன்லைன் வகுப்பு. மற்ற நாட்களில் பிள்ளைகள் ஊருக்குள் போய், படித்ததைக் கையால் செய்து பார்க்க வேண்டும். மாநிலம் முழுக்க இருபது பள்ளிகள். பெட்டிக்குள் சின்னச் சின்ன பாட்டில்களும், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டுகிற பேனா மாதிரி ஒரு மீட்டரும் இருந்தன. ஐந்நூறுக்குள் வந்தால் பச்சை, ஆயிரத்துக்குள் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் அளந்து, ஊர் வரைபடத்தில் வண்ணப் புள்ளி வைத்து, இணையத்தில் ஏற்ற வேண்டும். சிறந்த ஐந்து பள்ளிகளின் பிள்ளைகள் தை மாதம் சென்னைக்குப் போய் மேடையில் பேசலாம்.

திரையில் வருகிறவர் ரகுநாத். முப்பது வயது இருக்கும். முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு மணிபிளான்ட். எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்பார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நான் கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுகிறவர்கள், அவர் திரையில் வந்ததும் பெஞ்சின் நுனிக்கு வந்துவிடுவார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அணித்தலைவி அறிவுமதி. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிற பெண். ஆனால் ஒரு புதன்கிழமையாவது நேரத்துக்கு வந்தாளா என்றால் இல்லை. ஒன்பதே முக்காலுக்கு மூச்சு வாங்க வந்து கதவருகில் நிற்பாள். சுடிதார் இடதுபக்க இடுப்பில் ஒரு பெரிய ஈரத் திட்டு இருக்கும். தண்ணீரில் விளையாடிவிட்டு வருகிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை திட்டினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விட்ட பாடத்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் எழுதிக்கொள்வாள்.

தண்ணீர் சேகரித்தது ஒரு சனிக்கிழமை. இருபத்தெட்டுப் பாட்டில்களில் வீட்டு எண் ஒட்டிக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு ஆவுடையார்கோவிலில் ஒரு பயிற்சிக் கூட்டம். "நீங்களே வீடு வீடாப் போயி வாங்கி வைங்க, நான் மத்தியானம் வந்து சேந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வரும்போது இருபத்தேழு பாட்டில் நிரம்பியிருந்தது. மிச்சம் இருந்தது அறிவுமதி வீடு ஒன்றுதான்.

அவள் அம்மா செவந்தி வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா சவுதியில் இருக்கிறார். வீட்டையும் நாலு ஆடுகளையும் ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிற பெண். கையில் ஒரு பித்தளைச் செம்பு, விளக்கி வைத்த மாதிரிப் பளபளவென்று.

"மொதத் தடவையா நம்ம வீட்டுக்கு வந்திருக்கீங்க டீச்சர். ஒரு வாய் குடிங்க."

என் பாட்டில் கூட்டத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. வாங்கிக் குடித்தேன். இளநீருக்கு அடுத்தபடி சொல்லலாம், அப்படி இருந்தது.

"என்னங்க இது, ஒங்க ஊர்த் தண்ணி இம்புட்டு ருசியா இருக்கு?"

"ஒங்களுக்குக் குடுக்குறதுக்கென்ன டீச்சர்" என்று சிரித்தார். செம்பில் மிச்சம் இருந்ததைப் பாட்டிலில் ஊற்றித் தந்தார். அறிவுமதி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாட்டிலை மூடினாள். நான் மூன்றரை மினி பஸ் போய்விடுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அளந்தோம். நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபது. நூற்று ஐம்பத்தைந்து. இருபத்தெட்டுப் பாட்டிலும் நூற்று ஐம்பதிலிருந்து நூற்று எழுபதுக்குள். "பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா வேலை பாத்தா இப்படி ஒரே மாதிரி வரும்" என்று நான் பிள்ளைகளைப் பாராட்டினேன். புதன்கிழமை ரகுநாத்தும் பாராட்டினார். வரைபடத்தில் இருபத்தெட்டுப் பச்சைப் புள்ளிகள். பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. ஐந்து பள்ளிகளில் நாங்களும் ஒன்று.

தலைமை ஆசிரியர் குணசேகரன் சாருக்கு வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாளே பள்ளி வாசலில் பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ். 'எங்கள் ஊர் நீர் நன்னீர்' என்று கொட்டை எழுத்தில். ஒரு மூலையில் அவர் படம், இன்னொரு மூலையில் என் படம், நடுவில் பச்சைப் புள்ளிகள். என் முகமும் கொஞ்சம் பச்சையாகத்தான் விழுந்திருந்தது. இருந்தாலும் நான் அதைப் போனில் பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். பெருமை யாரை விட்டது?

மேடையில் பேசப்போவது அறிவுமதி. ஐந்து நிமிஷப் பேச்சு எழுதிக்கொடுத்தேன். இரண்டே நாளில் மனப்பாடம். "கடல எம்புட்டு நேரம் பாக்க விடுவாங்க டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டாள். அரை நாள் என்றேன். கோட்டைப்பட்டினத்துக் கடல் இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான், அதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது மெட்ரோ ரயிலில் போய்ப் பார்க்கிற கடல்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு ஒரு ஜீப் வந்தது. குடிநீர்த் திட்டத்தின் உதவிப் பொறியாளர், நூர்நிஷா என்று பெயர். ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்துக்காக ஊர் ஊராக மேல்நிலைத் தொட்டிக்கு இடம் பார்த்துக்கொண்டு வந்தவர், வாசலில் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். சார் உடனே என்னையும் அறிவுமதியையும் கூப்பிட்டுவிட்டார். வரைபடத்தைக் காட்டி விளக்கச் சொன்னார்.

அவள் சென்னை மேடையில் பேசவேண்டியதைக் கணீரென்று ஆரம்பித்தாள். "எங்கள் ஊரின் இருபத்தெட்டு வீடுகளிலும்" என்கிற இடத்தில் பொறியாளர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது நீங்களே வீட்டுக்கு வீடு எடுத்த சாம்பிளாம்மா?"

"ஆமாங்க" என்று நான் முந்திக்கொண்டேன். "நானே குடிச்சுப் பாத்தேன். நல்ல தண்ணிங்க."

"எங்க கையில இருக்கிறது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு போர்வெல்லுல எடுத்த ரிசல்ட். அது அதிகமா இருந்துச்சு. நீங்க இருபத்தெட்டு எடத்துல எடுத்திருக்கீங்க." அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "மொதக் கட்டத்துல ரொம்பக் கஷ்டப்படுற ஊருக்குத்தான் குழாய். அப்ப ஒங்க ஊர ரெண்டாவது கட்டத்துல வச்சுக்கலாம். வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிரும்."

"ரெண்டாவது கட்டம் எப்பங்க?" என்று சார் கேட்டார்.

"அதுக்கு இன்னும் நிதி வரல சார்."

நான் அறிவுமதியைப் பார்த்தேன். வரைபடத்தில் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. பேச்சை முடி என்று கண்ணைக் காட்டினேன். முடிக்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள். ஒரு பெரிய அதிகாரி முன்னால் இப்படிச் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் புதன். திரையில் ரகுநாத் பாதிப் பாடம் முடித்திருந்தார். ஒன்பது நாற்பத்தைந்துக்கு அவள் வந்தாள், இடுப்பில் அதே ஈரம். முந்தின நாள் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, அவளை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"சென்னைக்குப் போறவ பண்ற வேலையா இது? தெனமும் தண்ணியில என்னடி வெளையாட்டு ஒனக்கு?"

"வெளையாடல டீச்சர். தண்ணிக்குப் போனேன்."

"எங்க?"

"மேலக்காட்டு ஊரணிக்கு. காலையில மூணு நடை."

ஒன்றரைக் கிலோமீட்டர் அது. "ஏன், ஒங்க வீட்ல போர் இருக்குல்ல? பச்சைப் புள்ளி வச்சிருக்கோமே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது போர் தண்ணி இல்ல டீச்சர். ஊரணித் தண்ணி. எல்லா வீட்லயும் குடுத்தது ஊரணித் தண்ணிதான். போர் தண்ணிய வாயில வைக்க முடியாது. சோறு வச்சா மஞ்சளாயிரும்."

"ஒங்கள யாரு ஊரணித் தண்ணிய வாங்கிட்டு வரச் சொன்னா?"

"டீச்சர் தண்ணி வாங்கிட்டு வரச் சொன்னாங்கன்னுதான் கேட்டோம். டீச்சருக்குன்னு வாசல்ல நின்னு கேட்டா உப்புத் தண்ணியவா குடுப்பாங்க?"

வகுப்புக்குள் போய், திரையின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளும் பெஞ்சைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இருபத்தெட்டுப் பாட்டிலில் ஒரே ஊரணி. ஊரணித் தண்ணீர் நூற்று ஐம்பதும் நூற்று அறுபதுமாக வராமல் வேறு எப்படி வரும்? பிஎஸ்ஸி, பிஎட் படித்துப் பதினாறு வருஷம் பாடம் நடத்துகிறவளுக்கு அது தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதற்கு ஃபிளெக்ஸும் அடித்து வைத்திருக்கிறோம்.

அறிவுமதியை மறுபடி வெளியே கூப்பிட்டேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"மொதல்ல தப்புன்னு தெரியல. ஒவ்வொரு போர்லயும் வேற வேற நம்பர் வரும்னு ரகுநாத் சார் ஒருநாள் நடத்துனாரு. அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. சொல்லலாம்னு வந்தேன். நீங்க சென்னை மெயில வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க." சுடிதாரின் ஈரத் திட்டைப் பிழிந்துகொண்டே பேசினாள். "நேத்து அந்த மேடம் சொன்னதுலேருந்து தூக்கம் வரல டீச்சர். சொன்னா சென்னை போயிரும். சொல்லாட்டிக் குழாய் போயிரும். என் தங்கச்சி அடுத்த வருசம் ஆறாப்பு. அவளும் கொடத்தத் தூக்கணும்."

அவளை ஓங்கி அறையவேண்டும் போலவும் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கிளாஸுக்குப் போ என்றேன்.

ரகுநாத்துக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு முதல் தடவையாக 'சூப்பர்' சொல்லாமல் இருந்தார். "டேட்டாவத் திரும்ப எடுத்தா அஞ்சுலேருந்து ஒங்க பேரு போயிரும் மேடம். கடைசித் தேதி முடிஞ்சிருச்சு. அது என் கையில இல்ல" என்றார். பிறகு அவரே, "வேணும்னா கீழ சின்னதா ஒரு குறிப்பு போடலாம். புள்ளி பச்சையாவே இருக்கட்டும்" என்றார். குணசேகரன் சார் அதைப் பிடித்துக்கொண்டார். "குறிப்பு போட்ருங்க டீச்சர். ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு."

நான் ஒன்றும் உத்தமி இல்லை. சென்னை டிக்கெட்டை நான்தான் எடுத்து வைத்திருந்தேன். என் தங்கையிடம், சித்தியிடம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. மத்தியானம் வரைக்கும் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். குறிப்பு போட்டால் என்ன என்று எனக்கும்தான் தோன்றியது. குடத்தைத் தூக்கப்போவது நான் இல்லையே. அப்போது தாகமெடுத்து என் பாட்டிலைத் திறந்தேன். திருக்கோகர்ணத்துத் தண்ணீர். ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் சுமந்து வந்தது. ஒரு மடக்கு வாயில் வைத்ததும் எனக்கே அசிங்கமாகிவிட்டது.

பொறியாளரைக் கூப்பிட்டேன்.

"நேத்து நீங்கதானே குடிச்சுப் பாத்தேன்னு சொன்னீங்க?" என்றார்.

"தப்பா சொல்லிட்டேங்க."

"வாய்ச்சொல்ல வச்சு நான் மாத்த முடியாது மேடம். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குள்ள நம்பரோட வாங்க."

வியாழக்கிழமை காலையிலேயே பாட்டில்களோடு கிளம்பினோம். முந்தின இரவு நல்ல மழை. தெருவெல்லாம் சேறு. போர் தண்ணீர் வேண்டும் என்று முதல் வீட்டில் கேட்டேன். வீட்டுக்காரர் உள்ளே போய் ஊரணித் தண்ணீரோடு வந்தார். போர் தண்ணீர்தான் என்று அழுத்திச் சொன்னேன். "அது எதுக்குங்க ஒங்களுக்கு, நல்லதே இருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வீட்டிலும் அதே செம்பு, அதே சிரிப்பு. காத்தாயி என்கிற அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"என் மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். தண்ணி சரியில்லாத ஊருன்னு நீங்க போன்ல போட்டு விட்டா எவன் பொண்ணு குடுப்பான்?"

"குழாய் வந்தா ரெண்டு பொண்ணு குடுப்பாங்க" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. அவர் கதவைச் சாத்திவிட்டார்.

இரண்டு மணி நேரத்தில் மூன்று பாட்டில். அதுவும் ஒன்றில் ஊரணித் தண்ணீரைக் கலந்து கொடுத்திருந்தார்கள். மரியாதை குறையக்கூடாதாம். கடைசியில் செவந்தி வீட்டுக்கு வந்தோம். மகள் சொல்லி எல்லாம் தெரிந்திருக்கும், இங்கேயாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்றது புரியுது டீச்சர்" என்றார் செவந்தி. "ஆனா ஒங்கள என் வாசல்ல நிக்க வச்சு அந்தத் தண்ணிய எப்புடிக் கையில குடுக்குறது? எனக்குச் சோறு எறங்குமா?"

"ஒங்க மரியாதையால ஊரே குடம் தூக்கப் போகுது" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் முன்னால், ஊருக்கு நடுவில், அந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பி விறுவிறுவென்று நடந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். ஆடுகள் மிதித்துக் குழம்பிக் கிடந்த சேற்றில் முழங்கால் வரை இறங்கி, ஒரு செருப்பை உள்ளே விட்டுவிட்டு, கைகளை ஊன்றி எழுந்தேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

"ஐயையோ, இங்கிட்டு வாங்க டீச்சர்." திட்டு வாங்கிய அதே செவந்தி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து, வாசலில் கிடந்த கல்லில் நிறுத்தினார். போர் மோட்டாரைப் போட்டு ஒரு வாளி நிறையப் பிடித்து வந்தார். "காலக் காட்டுங்க" என்று மொண்டு மொண்டு ஊற்றினார்.

அப்போதுதான் அறிவுமதி பாட்டிலோடு என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அம்மா ஊற்றுகிற தண்ணீர் காலைத் தொடும் முன்னால் பாட்டிலை நீட்டிப் பிடித்தாள். செவந்தியின் கை நின்றது. அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"கால் கழுவத்தானேம்மா குடுக்குற" என்றாள் அவள்.

செவந்தி வாளிப் பக்கம் குனிந்தார். மறுபடி மொண்டு ஊற்றினார். பாட்டில் நிரம்பியது.

அதற்கப்புறம் நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வீசிவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் விட்டுவிட்டு அவர்களோடு நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும், "கால் கழுவத் தண்ணி குடுங்க, அதுலயே ஒரு பாட்டில் அளக்கப் பிடிச்சுக்கிறோம்" என்று வெளிப்படையாகவே கேட்டோம். காலில் சேற்றோடு வந்து நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது. கால் கழுவ ஊரணித் தண்ணீரைக் கொடுக்கிற பைத்தியமும் கிடையாது. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோய், வாளியில் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கழுவிய காலை அடுத்த வீட்டுக்குப் போகும் முன் மறுபடி சேறாக்க வேண்டியிருந்ததுதான் தொல்லை. காத்தாயி அம்மாவும் கதவைத் திறந்தார். ஒரு குடத்தை எடுத்து வந்து பிள்ளைகள் காலில் சாய்த்தார்.

"நான் கால் கழுவத்தான் குடுத்தேன். நீங்க அத என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாது."

மத்தியானம் இரண்டு மணிக்கு இருபத்தெட்டுப் பாட்டிலும் நிரம்பின. வகுப்பில் அளந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டாயிரத்து முந்நூறு. ஆயிரத்து எழுநூறு. இருப்பதிலேயே குறைவு ஆயிரத்து நூற்று நாற்பது. ஒரு எண் கூட இன்னொன்றைப் போல இல்லை. மஞ்சளுக்குக்கூட வேலை வைக்காமல் ஊர் முழுக்கச் சிவப்பு. பழைய பச்சை வரைபடத்தை அறிவுமதி தானே இணையத்திலிருந்து எடுத்தாள். எடுக்கட்டுமா என்று கணினி இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவை அவள் விரல் கொஞ்சம் நின்று, பிறகு அழுத்தியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு பொறியாளர் அலுவலகத்துக்குப் போனேன். அவர் தன்னிடமிருந்த மீட்டரை எடுத்து நாலைந்து பாட்டிலில் விட்டுப் பார்த்தார். பச்சை எப்படி வந்தது, சிவப்பு எப்படி வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கால் கழுவின இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ஊர்லயும் அப்படித்தாங்க. வீட்டுக்கு ஆள் வந்தா மட்டும் கேன் தண்ணி வெளிய வரும்." லிஸ்டில் ஒரு வரியை அடித்து மேலே எழுதினார். "மொதக் கட்டத்துலயே இருக்கட்டும். ஆனா தண்ணி வர ஒன்றரை வருசமாவது ஆகும். ஊர்ல இப்பவே சொல்லிருங்க, அப்பறம் என்னையத் திட்டுவாங்க."

சென்னை போயிற்று. எங்கள் இடத்தில் ஆறாவதாக வந்த பள்ளியைச் சேர்த்துக்கொண்டார்கள். டிக்கெட்டை ரத்து செய்தேன். ஃபிளெக்ஸை குணசேகரன் சாரே அவிழ்த்தார். இப்போது அது காத்தாயி அம்மா வீட்டு வைக்கோல் போரின் மேல் கிடக்கிறது. மழை பெய்தால் என் பச்சை முகத்தில்தான் விழுகிறது. அறிவுமதி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

மார்கழி கடைசிப் புதன். சென்னைக்குப் போகிற ஐந்து பள்ளிகளும் ஒரு தடவை ஒத்திகை மாதிரி எல்லார் முன்னாலும் திரையில் பேசின. அறிவுமதி ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தாள். நான் திட்டவில்லை. நகர்ந்து முன் பெஞ்சில் இடம் கொடுத்தேன்.

புதிதாகச் சேர்ந்த அந்தப் பள்ளிதான் பேசிக்கொண்டிருந்தது. வேறு மாவட்டம். எங்கள் பக்கம் மாதிரியே வறண்ட மண். இஸ்திரி போட்ட சீருடையில் ஒரு பெண் தெளிவாகப் பேசினாள். பின்னால் அவர்கள் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். வரைபடம் வந்தது. நாற்பது வீடு, நாற்பதும் பச்சை.

"சூப்பர்" என்றார் ரகுநாத். "ரொம்ப ஒரே சீரான டேட்டா. யாருக்காவது கேள்வி இருக்கா?"

எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அறிவுமதி எழுந்து போய் மைக்கைத் திறந்தாள்.

"வணக்கம். செம்பொட்டல் அரசு உயர்நிலைப் பள்ளியிலேருந்து அறிவுமதி. ஒரே ஒரு கேள்வி. அந்தத் தண்ணி அவங்க குடிக்கக் குடுத்ததா, கால் கழுவக் குடுத்ததா?"

ரகுநாத்தின் முகம் மாறியது. அந்தப் பெண் புரியாமல் விழித்து, பின்னால் திரும்பித் தன் வகுப்பைப் பார்த்தாள். அவர்கள் டீச்சரும் திரும்பிப் பார்த்தார்.

அங்கே எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.